ஃபில்டர் போட்டும் ஏன் கிடைக்கலை? இணையக் கடையில் தேடுவது பற்றி ஒரு பாடம்

வீட்டுக்குப் புதுசா ஒரு குக்கர் வாங்கணும். செல்போனில் ஓர் இணையக் கடையின் ஆப்பைத் திறந்து ‘குக்கர்’ என்று தட்டுகிறீர்கள். நூற்றுக்கணக்கில் வந்து கொட்டுகிறது. விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லை. மேலே ஓரமாக ‘ஃபில்டர்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தொட்டு, விலையை மட்டும் குறைத்து வைத்துவிட்டு, முதலில் கண்ணில் படும் நாலைந்தில் ஒன்றை வாங்கிவிடுகிறோம். பெரும்பாலும் நடப்பது இதுதான்.

சட்டை, செருப்பு என்றால் பரவாயில்லை. பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம். குக்கர், ஹெல்மெட் மாதிரிப் பொருளில் அப்படி விட்டுவிட முடியாது. அங்கே தப்பான பொருள் வந்தால் பணத்தோடு போகாது. அதனால் அந்தத் தேடல் பெட்டிக்கும் ஃபில்டருக்கும் பின்னால் என்ன நடக்கிறது, அது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கணினி படித்திருக்க வேண்டியதில்லை. பொறுமையா படித்தால் போதும்.

தொட்டதும் போகும் சீட்டு

பெரிய ஜவுளிக்கடைக்குப் போகிறீர்கள். “பட்டு வேணும், பச்சைக் கலர், அஞ்சாயிரத்துக்குள்ள” என்று சொல்கிறீர்கள். விற்பனையாளர் உள்ளே போய் அலமாரியிலிருந்து எடுத்து வந்து விரித்துப் போடுகிறார். நீங்கள் அலமாரிக்குள் போவதில்லை. நீங்கள் சொன்னது போகிறது, சேலை வருகிறது.

ஆப்பிலும் இதேதான். உங்கள் போனில் இருப்பது வெறும் முகப்பு. பொருட்களின் பட்டியல் முழுவதும் எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. நீங்கள் ஒன்றைத் தொட்டதும் ஆப் ஒரு சீட்டு எழுதி அங்கே அனுப்புகிறது. அந்தச் சீட்டில் என்னென்ன கட்டம் இருக்கலாம், எப்படி நிரப்ப வேண்டும், பதில் எந்த வடிவில் வரும் என்று முன்கூட்டியே செய்துகொண்ட ஏற்பாட்டுக்குத்தான் ஏபிஐ என்று பெயர். குக்கருக்குப் போகும் சீட்டைத் தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

தேடும் சொல்: குக்கர்
கொள்ளளவு: 5 லிட்டர்
விலை: 1,500 முதல் 2,500 வரை
வரிசை: விலை குறைந்தது முதலில்
பக்கம்: 1
பின்கோடு: உங்கள் ஊர்

இதை நீங்களே பார்க்கலாம். ஆப்பை விட்டுவிட்டு, அதே கடையை குரோம் மாதிரி ஒரு பிரவுசரில் திறந்து ஏதாவது தேடுங்கள். மேலே முகவரிப் பட்டையைத் தொட்டு முழு முகவரியையும் பாருங்கள். பல கடைகளில் ஒரு கேள்விக்குறி இருக்கும். அதற்கு அப்புறம் வருவதுதான் சீட்டு. நீங்கள் தட்டிய சொல் அங்கே ஒரு சமக்குறிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். ஃபில்டர் ஒன்று போட்டால் முகவரி இன்னும் நீளும். தமிழில் ‘சேலை’ என்று தட்டினால், அந்த முகவரியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டும்போது சதவீதக் குறியும் எண்ணுமாக 36 எழுத்து வந்து பயமுறுத்தலாம். பயப்பட ஒன்றுமில்லை. ச, ஏகாரக் குறி, ல, ஐகாரக் குறி என்று அந்தச் சொல் கணினிக்கு நான்கு துண்டு. ஒவ்வொரு துண்டும் இப்படி எழுதும்போது ஒன்பது எழுத்து ஆகிறது. அவ்வளவுதான்.

அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் அக்காவுக்கு அனுப்பினால் ஃபில்டரோடு சேர்ந்து போகும். அக்கா முதலிலிருந்து தேட வேண்டியதில்லை. ஆனால் அங்கே தெரிவது இங்கே தெரிவதுபோலவே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சீட்டின் கடைசி வரியைப் பாருங்கள்: பின்கோடு. நீங்கள் தொடாமலே போடப்படும் ஃபில்டர் அது. சென்னையில் இருப்பவருக்குத் தெரியும் பொருள் களக்காட்டில் இருப்பவருக்குத் தெரியாமல் போகலாம். அந்த விற்பனையாளர் அந்த ஊருக்கு அனுப்புவதில்லை என்பது காரணமாக இருக்கும். ‘இல்லவே இல்லை’ என்று முடிவு கட்டுவதற்கு முன் ஆப்பில் எந்த முகவரி தேர்வாகியிருக்கிறது என்று பாருங்க. ஊருக்குப் போய் வந்தவர்கள் பழைய பின்கோடிலேயே வாரக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பது உண்டு.

எந்தச் சொல்லில் தேடுவது?

தேடல் பெட்டி மனுஷன் மாதிரி புரிந்துகொள்ளும் என்று நினைக்கிறோம். அடிப்படையில் அது செய்வது ஒரு புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் புரட்டுவதுதான். எந்தச் சொல் எந்தப் பொருளின் பெயரிலும் விவரத்திலும் இருக்கிறது என்று முன்னாடியே அடுக்கி வைத்திருப்பார்கள். நீங்கள் ‘குத்துவிளக்கு’ என்று தமிழில் தட்டினீர்கள், விற்பவர் ஆங்கில எழுத்தில் இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதியிருக்கிறார் என்றால், இரண்டையும் இணைத்துப் பார்க்கும் வேலையைக் கடைக்காரர் தனியாகச் செய்து வைத்திருக்க வேண்டும். செய்திருந்தால் வரும். இல்லாவிட்டால் ‘முடிவு எதுவும் இல்லை’ என்று கை விரிக்கும்.

தமிழுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ‘புடவை’, ‘புடவைகள்’, ‘புடவைக்கு’ எல்லாம் நமக்கு ஒரே பொருள். விகுதியை வெட்டிப் பார்க்கத் தெரியாத தேடலுக்கு மூன்றும் வேறு வேறு. ஆகவே வேர்ச்சொல்லை மட்டும் தட்டுங்கள். சேலை, புடவை என்று இரண்டு பெயரும் போட்டுப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. ‘எனக்கு அஞ்சு பேருக்கு சமைக்க நல்ல குக்கர் வேணும்’ என்று முழு வாக்கியம் எழுதுவதைவிட ‘குக்கர் 5 லிட்டர்’ என்பது பல கடைகளில் சரியாக வேலை செய்யும்.

வெற்றுக் கட்டம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஃபில்டர் பொருளைப் பார்ப்பதில்லை. பொருளைப் பற்றி விற்பவர் நிரப்பிய கட்டத்தைப் பார்க்கிறது. இது மனசில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடையில் 5 லிட்டர் குக்கர் உண்மையிலேயே 10 இருக்கிறது. ஆறு பேர் கொள்ளளவு என்ற கட்டத்தில் ‘5 லிட்டர்’ என்று போட்டிருக்கிறார்கள். ஒருவர் ‘5000 மில்லி’ என்று போட்டார். ஒருவர் பெயரிலேயே 5 லிட்டர் என்று எழுதிவிட்டோமே என்று கட்டத்தைக் காலியாக விட்டார். மற்ற இருவர் எங்கேயுமே எழுதவில்லை, படத்தில் மட்டும் இருக்கிறது. இப்போது நீங்கள் ஃபில்டரைத் திறந்தால் ‘5 லிட்டர்’ என்பதற்குப் பக்கத்தில் 6 என்று எண் இருக்கும். நன்றாகக் கட்டப்பட்ட கடை லிட்டரையும் மில்லியையும் ஒன்றாக்கி 7 என்று காட்டும். அடுத்து ‘இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஏற்றது’ என்று தொடுகிறீர்கள். அந்த ஆறில் இரண்டு பேர்தான் ‘ஆம்’ என்று போட்டிருக்கிறார்கள். ஒருவர் ‘இல்லை’. மூன்று பேர் ஒன்றும் போடவில்லை. மிச்சம் திரையில் இரண்டே இரண்டு. பத்து குக்கரில் எட்டு காணாமல் போனது. அதில் உங்களுக்கு ஆகவே ஆகாது என்று சொல்லப்பட்டது ஒன்றுதான்!

எனவே ஃபில்டரை அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். எது இல்லாமல் முடியாதோ அதை மட்டும் முதலில் போடுங்கள். ஒவ்வொன்றையும் தொடும்போது பக்கத்தில் உள்ள எண் எவ்வளவு விழுகிறது என்று கவனியுங்கள். முந்நூறு என்று இருந்தது ஒரே தொடலில் ஒன்பதாகிவிட்டால், அந்த விவரத்தைப் பலரும் நிரப்பவில்லை என்று சந்தேகப்படலாம். அந்த ஃபில்டரை எடுத்துவிட்டு, அதே சொல்லைத் தேடல் பெட்டியில் சேர்த்துப் பாருங்கள். கட்டத்தில் இல்லாதது பெயரிலோ விவரத்திலோ இருக்கலாம்.

இன்னொரு விதியும் உண்டு, இதை எந்த ஆப்பும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஒரே தலைப்பின் கீழ் இரண்டைத் தொட்டால், உதாரணமாக நிறத்தில் சிவப்பும் பச்சையும், வழக்கமாக ‘இதுவோ அதுவோ’ என்று பொருள். பட்டியல் பெருகும். வேறு வேறு தலைப்பில் தொட்டால், நிறத்தில் சிவப்பு, விலையில் ஆயிரத்துக்குள், ‘இதுவும் அதுவும்’ என்று பொருள். பட்டியல் சுருங்கும்.

விலை ஃபில்டரில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரே பக்கத்தில் 2 லிட்டர் 1,199 ரூபாய், 3 லிட்டர் 1,549 ரூபாய், 5 லிட்டர் 2,299 ரூபாய் என்று மூன்று அளவு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ‘5 லிட்டர்’ என்றும் ‘1,500க்குள்’ என்றும் ஃபில்டர் போடுகிறீர்கள். அந்தப் பக்கம் வந்து நிற்கிறது! ஏன்? 5 லிட்டர் அந்தப் பக்கத்தில் இருக்கிறது, 1,199 என்ற விலையும் இருக்கிறது. இரண்டும் ஒரே குக்கரா என்று சில கடைகளின் தேடல் பார்ப்பதில்லை. திரையில் 1,199 என்று பார்த்து உள்ளே போய், அளவைத் தேர்வு செய்ததும் விலை ஏறும். அளவைத் தேர்வு செய்ய மறந்தால் 2 லிட்டர் குக்கர் வீட்டுக்கு வரும். விலையை நம்புவதற்கு முன் அளவைத் தொட்டுப் பாருங்க.

வரிசை போடுவது யார்?

நீங்கள் எதுவும் தேர்வு செய்யாவிட்டால், பட்டியல் ‘பொருத்தம்’ அல்லது ‘பரிந்துரை’ என்ற வரிசையில் வரும். எதற்குப் பொருத்தம், யாருடைய பரிந்துரை? இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: பல விற்பனையாளர்களைக் கூட்டி வைத்து விற்கும் இணையச் சந்தை எதுவாக இருந்தாலும், பொருட்களை எந்த அடிப்படையில் முன்னும் பின்னும் வரிசைப்படுத்துகிறது, அதில் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை எளிய மொழியில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் விளக்க வேண்டும். ஆப்பின் அடியில் பயன்பாட்டு விதிமுறைகள் இருக்கும் பகுதியில் தேடிப் பாருங்கள். படிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒருமுறை படிக்கலாம்.

முதல் சில இடங்களில் வருவது விளம்பரமாக இருக்கலாம். பொடி எழுத்தில் ‘ஸ்பான்சர்டு’ என்றோ ‘ஏடி’ என்றோ இருக்கும். காசு கொடுத்து வாங்கிய இடம் அது. நீங்கள் போட்ட ஃபில்டருக்கு அந்தப் பொருள் கட்டுப்பட்டே ஆகணும் என்றும் இல்லை. விளம்பரத்தை விளம்பரம் என்று காட்டாமல் மறைப்பது, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடை செய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று. ‘இன்னும் 2 மட்டுமே’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, நீங்கள் சேர்க்காததைக் கூடையில் சேர்த்து விடுவது, பணம் கட்டும் கடைசிப் படியில் புதுக் கட்டணம் காட்டுவது எல்லாம் அதே பட்டியலில் வருகின்றன.

‘விலை குறைந்தது முதலில்’ என்ற வரிசை நேர்மையாகத் தோன்றும். ஆனால் அது பாக்கெட் விலையை வைத்து அடுக்குகிறது, அளவை வைத்து இல்லை. நல்லெண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வகை எண்ணெய், அரை லிட்டர் 189 ரூபாய், ஒரு லிட்டர் 398 ரூபாய், ஒரு கிலோ 415 ரூபாய் என்று இருந்தால் திரையில் அதே வரிசையில்தான் வரும். கணக்குப் போட்டால் அரை லிட்டர் பாக்கெட் இரண்டு வாங்க 378 ரூபாய். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம்தான், ஆகவே கிலோ பாக்கெட்டில் ஒரு லிட்டரைவிட அதிகமாக இருக்கிறது. லிட்டருக்குக் கணக்கிட்டால் அதுவும் 378 ரூபாய்க்குப் பக்கத்தில் வருகிறது. நடுவில் இருந்த ஒரு லிட்டர் பாக்கெட்தான் மூன்றிலும் விலை கூடியது. (விலைகள் கணக்குக்காகப் போட்டவை.) கிராமுக்கு இவ்வளவு, மில்லிக்கு இவ்வளவு என்று இப்போது பல பாக்கெட்டுகளில் அச்சிட்டிருப்பார்கள். பொருளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். அனுப்பும் கட்டணமும் இந்த வரிசையில் பெரும்பாலும் சேராது. 49 ரூபாய்ப் பொருளுக்கு 99 ரூபாய் அனுப்பும் செலவு என்றால் அது 148 ரூபாய்ப் பொருள்.

‘தள்ளுபடி 70 சதவீதத்துக்கு மேல்’ என்ற ஃபில்டரை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். 4,999 ரூபாய் என்று எழுதி 999க்கு விற்றால் 80 சதவீதத் தள்ளுபடி. அதே தரமுள்ள பொருளை 1,150 என்று எழுதி 920க்கு விற்றால் 20 சதவீதம். ஃபில்டர் முதலாவதைத்தான் காட்டும். விலை குறைவு இரண்டாவதுதான்.

நட்சத்திர ஃபில்டரிலும் எண்ணிக்கையைச் சேர்த்துப் பாருங்கள். இரண்டு பேர் போட்ட 5 நட்சத்திரத்தைவிட மூவாயிரம் பேர் போட்ட 4.3 நம்பத் தகுந்தது. இணைய மதிப்புரைகளை எப்படிச் சேகரிக்க வேண்டும், எப்படிக் காட்ட வேண்டும் என்பதற்கு 2022இல் ஐஎஸ் 19000 என்று ஓர் இந்தியத் தர நிர்ணயமே வெளியாகியிருக்கிறது.

ஃபில்டர் சொல்லாத விஷயம்

குக்கருக்கு வருவோம். வீட்டு உபயோக குக்கருக்கு ஐஎஸ் 2347 என்ற தரமும், அதற்கான ஐஎஸ்ஐ முத்திரையும் 2021 பிப்ரவரி 1 முதல் கட்டாயம். இருசக்கர வாகன ஹெல்மெட்டுக்கு ஐஎஸ் 4151, அதே ஆண்டு ஜூன் 1 முதல். முத்திரை இல்லாததை விற்பதே குற்றம். ஆனால் விற்பனையாளர் விவரப் பக்கத்தில் ‘ஐஎஸ்ஐ: ஆம்’ என்று ஒரு கட்டத்தில் தொட்டுவிட்டால் ஃபில்டர் அதை நம்பிவிடும். பிரஷர் சரியாக வெளியேறாத குக்கர் எதிரே நிற்பவர் முகத்தில்தான் வெடிக்கும்.

இது கற்பனைப் பயம் இல்லை. கட்டாயத் தரத்தை மீறிய குக்கர்களை விற்க அனுமதித்ததற்காக 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பெரிய இணையச் சந்தைகள் சிலவற்றுக்குத் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. விற்ற குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. நம்ம மாநிலத்திலும் 2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டத்தில் இணையக் கடைகளின் கிடங்குகளில் இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ் சோதனை செய்து, முத்திரை இல்லாத பொருட்களை ஆயிரக்கணக்கில் கைப்பற்றியது.

ஆகவே பட்டியலைச் சுருக்க ஃபில்டரைப் பயன்படுத்துங்கள். முத்திரையைச் சரிபார்க்க வேறு வழி இருக்கிறது. ‘பிஐஎஸ் கேர்’ என்ற அரசு ஆப்பைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே ‘சிஎம்/எல்’ என்று தொடங்கி ஓர் உரிம எண் இருக்கும். அதை ஆப்பில் தட்டினால் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்கு, உரிமம் இப்போது செல்லுபடியாகிறதா என்று காட்டும். விவரப் பக்கத்தின் படங்களில் முத்திரையும் எண்ணும் தெரிகிறதா பாருங்கள். தெரியவில்லையென்றால் பொருள் வந்ததும், அடுப்பில் ஏற்றுவதற்கு முன், எண்ணைத் தட்டிப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் பொருந்தவில்லையா? திருப்பி அனுப்புங்க. நகை வாங்கினால் அதே ஆப்பில் ஆறு இலக்க எச்யூஐடி எண்ணையும் சரிபார்க்கலாம்.

எந்த நாட்டில் தயாரானது என்பதையும், தயாரிப்பாளர் பெயர், நிகர அளவு, அதிகபட்ச விலை ஆகியவற்றையும் பொட்டலப் பொருளின் பக்கத்தில் காட்டியாக வேண்டும் என்பது எடையளவு விதி. காட்டினால் போதுமா, அதை வைத்துத் தேட முடிய வேண்டாமா என்ற கேள்வி அப்புறம் எழுந்தது. இறக்குமதிப் பொருட்களுக்குத் தயாரான நாட்டை வைத்துத் தேடவும் வரிசைப்படுத்தவும் வசதி தர வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2025 நவம்பரில் வரைவு விதி ஒன்றை வெளியிட்டது. ஒரு ஃபில்டர் பொத்தானுக்காக அரசு விதி எழுதும் காலம் வந்துவிட்டது என்று நினைத்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

நீங்கள் விற்பவராக இருந்தால்

இதுவரை வாங்குகிறவர் பக்கம் நின்று பேசினோம். உங்கள் மகளிர் குழுவோ, அம்மாவோ, பக்கத்து வீட்டு அண்ணனோ இணையத்தில் பொருள் விற்கிறார்களா? அப்படியானால் மேலே சொன்ன வெற்றுக் கட்டத்தின் கதை உங்கள் வருமானத்தின் கதை.

பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்வோம். புவிசார் குறியீடு பெற்ற பொருள். தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்தது. விற்கிற அக்கா ‘அழகான பாரம்பரியப் பாய்’ என்று பெயர் வைத்து, நல்ல படம் மூன்று போட்டு, அளவையும் நிறத்தையும் விவரத்தில் ஒரு பத்தியாக எழுதிவிட்டார். மூலப்பொருள் கட்டம் காலி. நீளம் அகலம் காலி. பிரிவு ‘இதர’. வாங்க நினைப்பவர் ‘கோரைப் பாய்’ என்று தேடுகிறார், ‘தரை விரிப்பு’ பிரிவைத் தொடுகிறார், ‘3×6 அடி’ என்று ஃபில்டர் போடுகிறார். அக்காவின் பாய் மூன்று இடத்திலும் விழுந்துவிட்டது. பாயில் ஒரு குறையும் இல்லை, யார் கண்ணிலும் படவில்லை.

பெயரை இப்படி மாற்றுங்கள்: ‘பத்தமடைக் கோரைப் பாய், 3×6 அடி, சிவப்புக் கரை’. ஊர், மூலப்பொருள், பொருள், அளவு, நிறம் எல்லாம் வந்துவிட்டது. ஆங்கில எழுத்திலும் அதையே சேருங்கள், மக்கள் எப்படி எழுதுவார்களோ அப்படி. அளவுக் கட்டத்தில் சென்டிமீட்டர் கேட்டால் 91, 183 என்று போடுங்கள், ‘ஆறடி’ என்று எழுதினால் கணினிக்குப் புரியாது. சரியான பிரிவைத் தேர்ந்தெடுங்கள். ‘இதர’ என்ற பிரிவு ஒரு குப்பைக்கூடை, யாரும் அங்கே வந்து தேடமாட்டார்கள். மாற்றியபின் நீங்களே வேறொரு போனில், வேறொருவர் பெயரில் உள்ளே போய், ஃபில்டர் போட்டுத் தேடிப் பாருங்கள். உங்கள் சொந்தப் போனில் தேடினால் அடிக்கடி பார்த்த பொருள் என்று மேலே வந்து ஏமாற்றலாம்.

ஓஎன்டிசி என்ற திறந்த வலையமைப்பில் விற்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே வாங்குபவர் ஓர் ஆப்பில் இருப்பார், விற்பவர் வேறோர் ஆப்பில் இருப்பார். தேடல், தேர்வு, ஆர்டர், உறுதி என்று ஒவ்வொரு படிக்கும் ஒரே மாதிரிச் சீட்டு எல்லா ஆப்புக்கும் பொது. வாங்கும் ஆப்பிலிருந்து தேடல் சீட்டு போனால், விற்கும் ஆப்கள் தத்தம் பட்டியலை அனுப்பி வைக்கும். திருப்பித் தரலாமா, ரத்து செய்யலாமா, பொட்டலத்தின் சட்டப்பூர்வ விவரங்கள் என்ன என்பதற்கெல்லாம் அந்தப் பட்டியலிலேயே தனி இடம் இருக்கிறது. உங்கள் பாயை நேரில் பார்க்காத ஏதோ ஓர் ஆப், நீங்கள் நிரப்பிய கட்டங்களை மட்டும் வைத்துத்தான் அதைக் காட்டும்.

வீட்டில் கல்லூரிப் பிள்ளை இருந்து, குழுவுக்காக ஒரு சின்ன இணையக் கடை கட்டித் தருகிறேன் என்று கிளம்பினால், இந்தப் பத்தியைப் படிக்கச் சொல்லுங்கள். தேடல் ஏபிஐ கொடுக்கும் நிறுவனங்கள் வழக்கமாக இரண்டு விதச் சாவி தரும். ஒன்று தேட மட்டும், இன்னொன்று பட்டியலை மாற்றவும் அழிக்கவும். இரண்டாவதை ஒருபோதும் ஆப்புக்குள்ளோ இணையப் பக்கத்துக்குள்ளோ வைக்காதே தம்பி. பார்க்கத் தெரிந்தவர் எடுத்துவிடுவார், ஒரே இரவில் விலை எல்லாம் மாறியிருக்கும். வாடிக்கையாளர் தட்டும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சீட்டு அனுப்பாதே, தட்டி முடித்துச் சற்று நின்றதும் அனுப்பு. இல்லாவிட்டால் அளவுக்கு மேல் கேட்கிறாய் என்று சர்வர் 429 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும். அப்புறம், ஒவ்வொரு ஃபில்டரிலும் ‘குறிப்பிடவில்லை’ என்று ஒரு தேர்வு வை. பெரிய கடைகள் பலவற்றில் இல்லாத வசதி இது.

தப்பாகிவிட்டால்

ஃபில்டரில் போட்டது ஒன்று, வந்தது ஒன்று என்றால் முதலில் அந்தக் கடையின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவருடைய பெயரும் தொடர்பும் ஆப்பிலோ இணையதளத்திலோ இருக்க வேண்டும் என்பது அதே 2020 விதி. 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பதில் வரவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். கடையே போலி, பணம் மட்டும் போய்விட்டது என்றால் அது வேறு. ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

எதற்கும் கையில் ஆதாரம் வேண்டும். பில்லும் ஆர்டர் எண்ணும் மின்னஞ்சலில் இருக்கும். விவரப் பக்கம் அப்படி இல்லை, விற்பவர் எப்போது வேண்டுமானாலும் அதை மாற்றிவிடலாம். ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னாலேயே, நீங்கள் போட்ட ஃபில்டர் தெரியும்படி ஒன்று, பொருளின் விவரம் தெரியும்படி ஒன்று, ஆக இரண்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள். பொருள் நல்லபடியாக வந்து சேர்ந்து, திருப்பி அனுப்பும் கெடு முடிந்ததும் அழித்துக்கொள்ளலாம்.